தேவஸ்ஸிக்குக் கை ஓய்ந்த நாள்

சாலக்குடிச் சந்தையில் சுமை தூக்குகிற அத்தனை ஆண்களின் மார்பளவும் எனக்கு மனப்பாடம். தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் தையல்காரி. சுமைதூக்குவோர் சங்கத்துக்காரர்களின் நீலச் சட்டை அத்தனையும் என் கடையில்தான் தைக்கிறேன். செங்கோட்டையிலிருந்து கேரளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இசக்கி என்ற என் பெயரை இந்த ஊர்க்காரர்களின் வாய்க்குப் பழக்கி, இசக்கிச் சேச்சி ஆகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அத்தனை சட்டைகளிலும் தேவஸ்ஸியின் சட்டைக்குத்தான் துணி அதிகம் பிடிக்கும். நாடாவை முதுகுப் பக்கம் சுற்றி முன்னால் கொண்டுவருவதற்குள் மனுஷன் மூச்சை இழுத்துப் பிடித்து மார்பை இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுவார். மூச்சை விடுங்கள் சேட்டா, சட்டை தொளதொளவென்று வரும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். கேட்க மாட்டார். சட்டை தொளதொளவென்றுதான் வரும். உடனே துணி சரியில்லை என்பார்.

அவருக்கு எப்போதும் பொருள்தான் சரியில்லாமல் போகும். ஆள் சரியாகத்தான் இருப்பார்.

இந்தச் சந்தையில் லாரி வந்து நின்றால் வேலை நடக்கிற விதம் ஒன்று உண்டு. கீழே வரிசையாக வருகிறவர்களின் தலையில் மூட்டையை எடுத்து வைக்க லாரிமேல் இரண்டு பேர் நிற்பார்கள். சுமப்பவனுக்காவது போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிற தூரம் இருக்கிறது. மேலே நிற்பவனுக்கு அதுவும் கிடையாது. அதனால் குழுத் தலைவர் சுகுணன் அவ்வப்போது விசில் ஊதுவார். விசில் கேட்டதும் மேலே இருக்கிற இரண்டு பேர் குதித்து இறங்க, வேறு இரண்டு பேர் ஏறுவார்கள். இடையில் ஒரு மூட்டைகூட நிற்காது. சங்கத்தில் எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறவர்கள், விசிலுக்கு மட்டும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

தேவஸ்ஸியைத் தவிர. அவர் ஏறினால் இறங்க மாட்டார். இப்போதுதானே ஏறினேன் என்பார். விசிலில் காற்று அதிகம் என்பார். ஏறவேண்டியவன் கீழே நின்று பீடியைப் பற்றவைத்துக்கொள்வான். ஒருத்தன் கூடுதலாக உழைக்கிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? சுகுணன் மட்டும் தலையில் அடித்துக்கொள்வார். அவர் ஒல்லி ஆள். என் கடையில் அவருக்குச் சட்டை தைத்து மிஞ்சுகிற துணியில் தேவஸ்ஸிக்குக் காலர் வைக்கலாம். தேவஸ்ஸி தன் வாயால் 'முடியவில்லை' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி ரோசிலியிடம் ஒருமுறை இதைச் சொன்னேன்.

"எங்கிட்டயும் சொன்னதில்ல சேச்சி. வீட்டுக்கு வந்து உக்காரதுக்கு முந்தியே குறட்டை விட ஆரம்பிச்சுடும். அப்பறம் எங்க சொல்றது?" என்றாள்.

இனி பாவுண்ணி முதலாளி. என் கடைக்கு நேர் எதிரே அரிசி மொத்தக்கடை வைத்திருப்பவர். இவருக்கும் சங்கத்துக்கும் ஆகாது. நாலு பேர் வேலைக்கு எட்டுப் பேர் வருகிறீர்கள் என்பது இவர் கட்சி. எட்டுப் பேர் வந்தால்தான் நாலு பேர் வேலை ஒழுங்காக நடக்கும் என்பது அவர்கள் கட்சி. பேசிப் பேசிச் சலித்துப்போய், கோயம்புத்தூரிலிருந்து மூட்டை ஏற்றி இறக்குகிற பெல்ட் மெஷின் ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். மெஷினைத் தொடக்கூடாது என்று சங்கம் அதன் முன்னால் கொடி நட்டது. விவகாரம் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. மெஷின் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தது. நாய் ஒன்று அதன் அடியில் குட்டி போட்டது. மெஷின் வந்ததில் லாபம் அடைந்தது அது ஒன்றுதான்.

இந்தப் பாவுண்ணிக்கும் தேவஸ்ஸிக்கும் வாரத்தில் ஆறு நாள் சண்டை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அரிசிக் குடோனுக்குப் பின்னால் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுவார்கள். எத்தனை புள்ளி எடுப்போம் என்று முதலில் ஏலம் கேட்டுவிட்டு ஆடுகிற ஆட்டம் அது. சீட்டில் அவர்கள் இருவரும் ஒரே கட்சி. எதிரே உட்கார்ந்து, வாய் திறக்காமல், ஒருவர் கையில் இருப்பதை ஒருவர் முகத்தில் படித்துவிடுவார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்த ஜோடியை யாரும் பிரித்ததில்லை. திங்கட்கிழமை காலையில் மறுபடி முதலாளி, தொழிலாளி ஆகிவிடுவார்கள்.

பஸ் நிலையத்தில் ஒருத்தர் மயங்கி விழுந்து, சுற்றி நின்றவர்கள் எல்லாம் முகத்தில் சோடா தெளித்தே நேரத்தைக் கழித்த கதை நடந்த பிறகு, எங்கள் சந்தையில் ஒரு வகுப்பு வைத்தார்கள். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி எப்படி உயிரைப் பிடித்துவைப்பது என்று. வியாபாரிகளும் சங்கமும் சேர்ந்து நடத்திய முதல் நிகழ்ச்சி அது. சேர்ந்து நடத்தினாலும் ஹாலில் ஆளுக்கொரு பக்கம்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் பெஞ்சு போட்டு நான் உட்கார்ந்தேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ் மெஹருன்னிஸா சிஸ்டர். கூடவே இடுப்புக்கு மேல் மட்டும் இருக்கிற ஒரு பொம்மையைக் கொண்டுவந்தார். சரியான ஆழத்துக்கு அழுத்தி, ஒவ்வொரு தடவையும் நெஞ்சை முழுக்க மேலே வர விட்டால் அதன் தோளில் பச்சை விளக்கு எரியும். இல்லாவிட்டால் மஞ்சள்.

முதலில் தேவஸ்ஸியைத்தான் தள்ளிவிட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டி, கர்த்தரைக் கும்பிட்டு, முட்டி போட்டு அழுத்தினார். பச்சை. ஹால் முழுக்கக் கைதட்டல். கொஞ்ச நேரம் போனதும் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. அவர் இன்னும் வேகமாக அழுத்தினார். மஞ்சள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். மஞ்சள்தான். எழுந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பல்பு கெட்டுப்போச்சு என்றார்.

"பல்புக்கு முகதாட்சண்யம் கிடையாது சேட்டா. உள்ளதச் சொல்லிடும்" என்றார் சிஸ்டர். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "கை ஓஞ்சது அழுத்தறவனுக்குத் தெரியாது. அவன் நல்லாத்தான் அழுத்தறோம்னு நினைச்சுக்கிட்டு இருப்பான். பக்கத்துல இருக்கறவனுக்குத்தான் தெரியும். அதனால முடியுதா முடியலையான்னு அவன்கிட்ட கேக்கவே கேக்காதீங்க. ரெண்டு நிமிஷமாச்சா, ஆளை மாத்துங்க."

அடுத்து சுகுணன் அழுத்தினார். கையை மடக்காமல், தோளை நேராக மேலே கொண்டுவந்து, உடம்பின் பாரத்தையே இறக்கினார். தன் முறை முடிகிற வரை பச்சை. மாறச் சொன்னதும் எழுந்துவிட்டார். பொம்மைக்கு ஒல்லியான ஆளைத்தான் பிடிக்கும்போல என்றார் தேவஸ்ஸி.

பாவுண்ணி பொம்மையைத் தொடவே இல்லை. அந்தப் பக்கத்து நாற்காலியில் இருந்தபடியே, நெஞ்சை அழுத்துவது ஒரு ஆள் வேலை, அதற்கும் ஆள் மாற்ற வேண்டுமா, சங்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் புகுந்துவிட்டதா என்று கேட்டார். வியாபாரிகள் பக்கம் சிரிப்பு. டீயும் பழம்பொரியும் வந்தது. வகுப்பு முடிந்தது.

ஓணத்துக்கு முந்தைய வாரம். பாலக்காட்டு அரிசி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வேலை மலைபோல் கிடந்தது. ஒரு லாரியையாவது மெஷினில் இறக்குவேன் என்று பாவுண்ணி பிடிவாதமாக நின்றார். தொட்டால் எல்லா லாரியும் அப்படியே நிற்கும் என்றார் சுகுணன். பாவுண்ணி முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, தானே தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். அடியில் இருந்த நாய் குரைத்தது. நான் கடை வாசலில் நின்று, கழுத்தில் நாடாவோடு, வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சந்தையில் சினிமாவுக்குப் போகவேண்டிய அவசியமே கிடையாது.

பாதித் தார்ப்பாய் கையில் இருக்கும்போது பாவுண்ணி நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். சங்கத்துக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். காரணம் இருந்தது. போன தடவை தொழிலாளர் அதிகாரி விசாரிக்க வந்தபோதும் இதேபோல் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து, ஒரு சோடா குடித்து, அவர் ஜீப் போனதும் எழுந்து கணக்குப் பார்க்கப் போனவர் இவர். ஒருத்தன் சோடா வாங்கி வரட்டுமா என்றுகூடக் கேட்டான்.

தேவஸ்ஸி சிரிக்கவில்லை. லாரிமேல் இருந்தவர் ஒரே குதியாகக் குதித்தார்.

"பொய் சொல்றப்ப இவனுக்கு இடது புருவம் ஆடும். இப்ப ஆடல" என்றார்.

அவர் பக்கத்தில் போவதற்குள் பாவுண்ணி சாய்ந்துவிட்டார். கூப்பிட்டால் பதில் இல்லை. விட்டு விட்டு ஒரு குறட்டைச் சத்தம் மட்டும் வந்தது. மூச்சு இருக்கிறது என்றார்கள் யாரோ. அது மூச்சில்லை, அதை நம்பி நிற்காதீர்கள் என்று சிஸ்டர் வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் ஓடிக்கொண்டே 108-க்குப் போன் போட்டேன். வண்டி கிளம்பிவிட்டது, ரயில்வே கேட் மூடியிருக்கிறது, திறந்ததும் வந்துவிடும், நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள் என்று போனை எடுத்த பெண் சொன்னாள்.

நம் ஆட்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். முதலாளியை வெறுந்தரையில் கிடத்த மனம் வரவில்லை. அத்தனை சண்டைக்குப் பிறகும் மரியாதை விட்டுப்போகவில்லை. நான்கு அரிசி மூட்டைகளைச் சேர்த்துப் போட்டு, மெத்தைபோல் அதன்மேல் கிடத்தினார்கள். தேவஸ்ஸி அழுத்த ஆரம்பித்தார். ஒவ்வொரு அழுத்துக்கும் அரிசி அமுங்கியது. பாவுண்ணி அப்படியே அதற்குள் புதைந்தார்.

"எடா, அரிசியையா அழுத்தற? ஆளைத் தரையில போடு" என்று கத்தினார் சுகுணன். ஆறு பேர் சேர்ந்து ஒரே தூக்கில் சிமென்ட் தரையில் இறக்கினார்கள். தூக்கி இறக்குவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது தேவஸ்ஸி அழுத்தியதைப் பார்க்க வேண்டும். பாவுண்ணி போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் நான் தைத்ததுதான். அதன் மூன்றாவது பட்டன் தேவஸ்ஸியின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு அழுத்துக்கும் அது குழிக்குள் போய் மறைந்து, கையைத் தளர்த்தியதும் துள்ளி மேலே வந்தது. என் தையல் மெஷின் ஊசி போவதுபோல ஒரே சீராக இருந்தது. எனக்கு வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்ததுபோல இருந்தது.

சுகுணன் எதிர்ப் பக்கம் முட்டி போட்டுத் தயாரானார். விசிலை ஊதினார்.

தேவஸ்ஸி நகரவில்லை. சுகுணன் கையை நீட்டினார். தேவஸ்ஸி தோளால் அவரை இடித்துத் தள்ளிவிட்டு, அழுத்துவதை நிறுத்தாமலே, இவன் என் ஜோடி, யாரும் தொடக்கூடாது என்றார். அது கட்டளையா, கெஞ்சலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வழக்கமான வீராப்பு அல்ல அது. கையை எடுத்தால் அந்த மனுஷன் போய்விடுவார் என்று பயந்துபோயிருந்தார். சுற்றி நின்றவர்களுக்கு அவர் தோளைப் பிடித்து இழுக்கத் தைரியம் வரவில்லை. லாரிமேல் அவரை யாராலும் இறக்க முடிந்ததில்லை, தரையில் மட்டும் முடியுமா?

சுகுணன் மறுபடி விசில் ஊதினார். நான் பட்டனைப் பார்த்தேன். அது குழிக்குள் போகவில்லை. பாதி வழியில் நின்றது. துள்ளி மேலே வரவும் இல்லை. அடுக்கிவைத்த மூட்டைமேல் களைத்துப்போய்ச் சாய்வார்களே, அதேபோல் தேவஸ்ஸி அந்த நெஞ்சின்மேல் சாய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அது தெரியவே இல்லை. வேர்வை சொட்டச் சொட்ட, வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தார். என் கண்ணெதிரே ஒரு நல்ல மனுஷன் தன் பிரியத்தாலேயே தன் சிநேகிதனைக் கொல்கிறான் என்று தோன்றியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"சேட்டா, பட்டனப் பாருங்க."

"எந்தப் பட்டன்?"

"மூணாவது. நான் தச்சது. கீழயும் போகல, மேலயும் வரல. என் துணிமேல பழி போட்டா மட்டும் இன்னிக்கு நான் சும்மா இருக்கமாட்டேன்."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே அழுத்தினார். பட்டன் பாதியில் நின்றது. இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் பாதிதான். நூல் சரியில்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் கோணிக்கொண்டு போனது.

"சுகுணா, எனக்குக் கை ஓஞ்சுபோச்சுடா. முடியல. மாறு."

சந்தையே கேட்டது. லாரி டிரைவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை எழும்பிய இடத்தில் சுகுணனின் கை இறங்கியது. லாரிமேல் மூட்டை நிற்காமல் ஆள் மாறுவார்களே, அதேபோல் ஒரு அழுத்துகூடத் தவறவில்லை. பட்டன் குழிக்குள் போய் மறைந்தது. துள்ளி வந்தது. மறுபடி மறைந்தது.

அதன்பிறகு எல்லாம் விசில்தான். சுகுணன் எழுந்தால் இன்னொருத்தர், அவர் எழுந்தால் அடுத்தவர். காத்திருப்பவர்கள் எதிர்ப் பக்கம் வரிசையாக முட்டி போட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என்னைப் பட்டன் பார்க்கச் சொன்னார்கள். பட்டன் தயங்கினால் நான் கையைத் தூக்குவேன், விசில் கொஞ்சம் முன்னாலேயே வரும். ஒருத்தர்கூட 'எனக்கு இன்னும் முடியும்' என்று வாதாடவில்லை. தேவஸ்ஸியே மாறிவிட்ட பிறகு மற்றவர்கள் வாதாட வெட்கப்பட்டார்கள். தேவஸ்ஸி மெஷின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாய்க்குட்டி ஒன்று அவர் காலை நக்கியது. முறை சுற்றி வந்ததும் எழுந்து வரிசையில் உட்கார்ந்து அழுத்தினார். விசில் வந்ததும் மாறினார்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த பெண் நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டி, எல்லாரையும் விலகச் சொல்லி, மின்சாரம் கொடுத்தாள். மறுபடி அழுத்தச் சொன்னாள். மறுபடி கொடுத்தாள். பிறகு கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, துடிப்பு வருகிறது என்றாள். பட்டை ஒட்டுவதற்காக நான் தைத்த சட்டையை நடுவில் கிழித்திருந்தாள். கிழிக்கட்டும், நூறு சட்டை தைத்துத் தருகிறேன் என்று இருந்தது எனக்கு. அழுதேன். பக்கத்தில் சுகுணனும் அழுதார். அவர் வாயில் இருந்த விசில் அழுகைக்கு ஏற்றபடி பீப் பீப் என்று சத்தம் போட, அழுதவர்களே சிரித்துவிட்டோம்.

வண்டி திருச்சூருக்குப் போன பிறகு தேவஸ்ஸி என் கடையில் வந்து உட்கார்ந்தார். டீயைக் கையில் கொடுத்தேன். முதல் விசிலிலேயே மாறியிருக்க வேண்டும் இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் பொய் சொல்லித் தேற்றுகிற ஜாதி இல்லை. ஆனால் மாறினீர்களே, அதுவும் நீங்களேதானே சொன்னீர்கள் என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து லாரிப் பக்கம் போனார்.

பாவுண்ணி பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது, கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த எலும்பை முறித்தது யார் என்று சந்தையில் பெரிய பேச்சு. முறை வைத்து அழுத்திய ஆறு பேரும் நான்தான் நான்தான் என்றார்கள். கடைசியில் சங்கம் முறித்தது என்று முடிவாயிற்று.

தேவஸ்ஸி இப்போது விசில் கேட்டால் லாரியிலிருந்து இறங்குகிறார். முனகிக்கொண்டேதான் இறங்குகிறார், ஆனாலும் இறங்குகிறார். சட்டைக்கு அளவெடுக்கும்போது மட்டும் இன்னும் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். துணி சரியில்லை என்பதும் நின்றபாடில்லை.

பாவுண்ணி மறுபடி சீட்டாட வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன், புதுச் சட்டையைக் கொடுக்க. ஆள் இளைத்திருந்தார். இருமினால் வலிக்கும் என்று ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்வார் என்று ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை. சீட்டைக் கலைத்துக்கொண்டே, எல்லாம் கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்தார்.

"ஒத்த ஆள் சுமைக்கு ஆறு பேராடா? அதுவும் என் கடை வாசல்லயே? இதத்தானே நான் இத்தனை வருஷமா வேண்டாங்கறேன்."

சுகுணன் சிரித்துவிட்டார். தேவஸ்ஸி சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மெஷினை இறக்க விட்டிருந்தா இந்த வம்பே இல்ல. மெஷினுக்குக் கை ஓயாது" என்றார் பாவுண்ணி.

"ஓஞ்சாலும் அது சொல்லாது" என்றார் தேவஸ்ஸி, தலையைத் தூக்காமல். "நான் சொன்னேன்."

பாவுண்ணி எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு, எனக்கு இருபது என்று ஏலம் கேட்டார். இடது புருவம் ஆடியது. தேவஸ்ஸி அதைப் பார்த்தார், காட்டிக்கொடுக்காமல் அவரோடு சேர்ந்து ஆடினார்.